"மாப்ளே, நீங்க போய்ப் படுங்க": முதன்முறை அப்பா ஆகிறவர்களுக்கு ஒரு வேலைக் குறிப்பு

வேலூர்ப் பக்கத்தில் முதல் பிரசவம் பெரும்பாலும் பெண்ணின் தாய்வீட்டில்தான். சீமந்தம் முடிந்ததும் மனைவி குடியாத்தத்துக்கோ ஆரணிக்கோ போய்விடுவார். கணவர் சத்துவாச்சாரியில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பழப்பையோடு மாமியார் வீட்டுக்குப் போவார். நாற்காலி போட்டு, காபி கொடுத்து, டிவியையும் போட்டுவிடுவார்கள். பிள்ளை பிறந்த பிறகும் இதே உபசாரம்தான்: "மாப்ளே, நீங்க போய்ப் படுங்க, நாங்க பாத்துக்கிறோம்." அன்போடு சொல்வதுதான். ஆனால் அதைக் கேட்டு மூன்று மாதம் படுத்தே இருந்தவர், தாயும் பிள்ளையும் தன் வீட்டுக்கு வரும் நாளில் லங்கோடு கட்டத் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். குழந்தை வளர்ப்பில் தாய்ப்பால் கொடுப்பது ஒன்றைத் தவிர மற்ற எல்லா வேலையையும் ஆண் செய்யலாம். அந்த வேலைகள் என்னென்ன, எப்படிச் செய்வது, எங்கே தவறும் என்பதைப் பார்ப்போம்.

எட்டாம் மாதத்துக்குள்

எந்த மருத்துவமனை என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். பிரசவத்துக்கு என்று ஓர் இடம், நடுவில் சிக்கல் வந்தால் போக அடுத்த பெரிய இடம் ஒன்று, இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். வேலூரில் சி.எம்.சி. இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, ராணிப்பேட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு வாலாஜாபேட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது. இவ்வளவு இருந்தும் வலி வந்த இரவில் "இங்கே வேண்டாம், அங்கே போவோம்" என்று குடும்பம் வாசலில் நின்று விவாதிப்பது இன்னும் நடக்கிறது. பெரிய ஆபத்தே அதுதான். பணியில் ஆண் மருத்துவர் இருந்தால் சம்மதமா என்பதையும் இரு வீட்டாரோடும் முன்பே பேசிவிடுங்கள். இந்தப் பேச்சுக்கு வேலூரில் ஒரு வரலாறு உண்டு. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டு ஒரு மிஷனரி மருத்துவரின் வீட்டுக்கு வந்தார்கள். பார்க்கக்கூடியவர் ஆண் மருத்துவர்தான் என்றதும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த வீட்டுப் பெண் ஐடா ஸ்கடர்தான் பிறகு மருத்துவம் படித்து வந்து, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு சிகிச்சையைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து சி.எம்.சி. ஆனது.

அடுத்தது பிக்மி எண். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கும் 12 இலக்க எண் இது. தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இதை வாங்கியாக வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்கு இது தேவை. செல்போனில் படம் எடுத்து வையுங்கள், அட்டையிலும் எழுதி வையுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் (தகுதியுள்ளவர்களுக்கு மொத்தம் 18,000 ரூபாய், அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும்) இந்தப் பதிவுதான் ஆதாரம். பணம் மனைவியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான் போகும். கல்யாணத்துக்குப் பிறகு பயன்படுத்தாமல் கணக்கு முடங்கியிருந்தால் இப்போதே போய்ச் சரிசெய்யுங்கள்.

உங்கள் இரத்த வகை உங்களுக்குத் தெரியுமா? மனைவி நெகட்டிவ் என்றால் இது அவசியம். குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் தாய்க்கு 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். போடாமல் விட்டால் இந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த குழந்தைக்குத்தான் ஆபத்து. அவசர ஓட்டத்தில் மறந்துபோகிற ஊசி இது. நினைவூட்டும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே, கூப்பிட்டால் வந்து ரத்தம் கொடுக்கிற நண்பர்கள் இரண்டு பேரைச் சொல்லி வையுங்கள்.

விடுப்பைப் பிறந்த வாரத்திலேயே தீர்த்துவிடாதீர்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு, குழந்தைக்கு ஆறு மாதம் ஆவதற்குள் எடுக்கலாம். தனியாரில் நிர்வாகம் கொடுத்தால்தான் உண்டு. பிறந்த வாரத்தில் மாமியார் வீட்டில் பத்துப் பேர் இருப்பார்கள். மனைவி உங்கள் வீட்டுக்கு வரும் முதல் வாரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். என் எண்ணத்தில் பாதி விடுப்பை அந்த வாரத்துக்கு ஒதுக்குவதுதான் சரி.

பையும் துணியும்

லங்கோட்டுக்குப் பழைய பருத்தி வேட்டிதான் சிறந்தது. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், ஈரத்தை இழுக்காது. ஒரு நாலு முழ வேட்டியை 60 செ.மீ. சதுரமாக வெட்டினால் ஆறு துண்டு தேறும். நான்கு வேட்டிக்கு 24 துண்டு, வெயில் காலத்துக்கு இது போதும். பிறப்பு ஐப்பசி, கார்த்திகையில் என்றால் மழையில் துணி காயாது. 40 துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் நள்ளிரவில் இஸ்திரிப் பெட்டியோடு நிற்க வேண்டிவரும். வெட்டியதை இரண்டு முறை துவைத்து வெயிலில் காய வைத்து எடுத்து வையுங்கள்.

பையில் என்ன வேண்டும்: முன்பக்கம் திறக்கும் நைட்டி நான்கு, பெரிய அளவு நாப்கின் இரண்டு பாக்கெட், குழந்தையைச் சுற்ற மெல்லிய துண்டு நான்கு, குல்லா ஒன்று, வாளி, மக், பிளாஸ்க், டம்ளர், ஒரு பாய், நீள ஒயர் உள்ள சார்ஜர். எல்லா ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகளும் தேதி வரிசையில் ஒரே கோப்பில். ஆதார் நகல் இருவருடையதும். பை மாமியார் வீட்டில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டு அலமாரியில் அழகாக அடுக்கி வைத்த பையால் யாருக்கும் பயனில்லை.

வலி வந்தால்

பொய் வலி நடந்தால், படுத்தால், தண்ணீர் குடித்தால் அடங்கிவிடும். நிஜ வலி அடங்காது. இடைவெளி குறைந்துகொண்டே வரும், இடுப்பில் தொடங்கி அடிவயிற்றுக்கு வரும். செல்போனில் நேரத்தைக் குறியுங்கள்: ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எத்தனை நிமிடம் என்று. 5 நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்ப வேண்டும். இது மருத்துவமனை பக்கத்தில் இருப்பவர்களுக்கான கணக்கு. குடியாத்தத்திலிருந்தோ ஆரணியிலிருந்தோ வேலூர் வர வேண்டியவர்கள் இன்னும் முன்னதாகவே கிளம்பிவிட வேண்டும். மாலை நேரத்தில் கிரீன் சர்க்கிளும் காட்பாடிப் பாலமும் உங்கள் அவசரத்தைப் பார்த்து வழி விடாது.

வலியைக் கணக்கிடாமல் உடனே போக வேண்டியவை: பனிக்குடம் உடைந்தது, ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைந்தது, கடுமையான தலைவலியோடு பார்வை மங்குவது. நீர் உடைந்தால் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், நிறத்தையும் பாருங்கள். பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள், அதை மருத்துவமனையில் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பைக்கில் ஏற்றாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டால், தெருப் பெயரை விட எல்லோருக்கும் தெரிந்த கோயில், பள்ளி, டீக்கடை என்று அடையாளம் சொல்வது வேகமாக வேலை செய்யும்.

வார்டுக்கு வெளியே

அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் துணைக்குப் பொதுவாக ஒரு பெண்ணைத்தான் விடுவார்கள். நீங்கள் வெளியே. முதல் பிரசவம் 12 முதல் 18 மணி நேரம் கூட எடுக்கும், அது இயல்பு. அந்த நேரத்தில் சாப்பிடுங்கள். பட்டினியோடு ரத்தம் கொடுக்கப் போய் மயங்கி விழும் அப்பாவை இன்னொரு கட்டிலில் போட வேண்டியிருக்கும். உறவினர்களுக்குத் தகவல் சொல்லும் வேலையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு, உங்கள் போனை மருத்துவமனை அழைப்புக்காக மட்டும் வைத்திருங்கள்.

பயத்தில் "ஆபரேஷன் பண்ணிடுங்க டாக்டர்" என்று நெருக்காதீர்கள். அதேபோல் தேவை என்று மருத்துவர் சொன்னபின் கையெழுத்துக்கு ஊரிலிருந்து பெரியப்பா வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. நட்சத்திரம் பார்த்து நாள் குறித்து முன்கூட்டியே எடுக்கச் சொல்வதைக் கண்டிப்பாகத் தவிருங்கள். மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் அறுவை செய்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது.

முதல் மூன்று நாள்

விளம்பரத்தில் பார்த்த குழந்தை வராது. தலை நீண்டிருக்கும், கை கால் நீலம் பாரித்திருக்கும், தோல் உரியும், முதுகுக்குக் கீழே நீலத் திட்டு இருக்கும். பெண் குழந்தைக்கு ஓரிரு சொட்டு ரத்தம் கூடப் படலாம். மார்பு வீங்கியிருக்கலாம். எல்லாம் இயல்பு. தும்மும், விக்கும், அதுவும் சளி இல்லை. முதல் மலம் கரும்பச்சையாகத் தார் போல ஒட்டும். நான்கைந்து நாளில் மஞ்சளாகிவிடும்.

ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். சீம்பால் ஒரு ஸ்பூன் அளவுதான் வரும், "பாலே இல்லையே" என்று யாராவது சொல்வார்கள். குழந்தையின் இரைப்பைக்கு அன்றைக்கு அதுவே போதும். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உடல் செயலிழப்பை உண்டாக்கும்.

பால் போதுமா என்பதை அழுகையை வைத்துச் சொல்ல முடியாது, லங்கோட்டை வைத்துச் சொல்லலாம். முதல் நாள் ஒரு முறையாவது, இரண்டாம் நாள் இரண்டு, ஆறாம் நாளிலிருந்து ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போனால் போதுமான பால் போகிறது. இந்தக் கணக்கு முழுக்க உங்கள் வேலை. ஒரு தாளில் கோடு போட்டு வாருங்கள், மருத்துவர் கேட்கும்போது அந்தத் தாள்தான் பேசும். முதல் வாரத்தில் எடை கொஞ்சம் குறைந்து, இரண்டு வாரத்தில் திரும்பிவிடும். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் காட்ட வேண்டும்.

லங்கோடு மாற்றுதல்

எல்லாவற்றையும் கையெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத்தான் பழைய துணியை அவிழ்க்க வேண்டும். புதுத் துணி, வெதுவெதுப்பான தண்ணீர், பஞ்சு, உலர்ந்த துண்டு. நடுவில் எடுக்க எழுந்தால் குழந்தை கட்டிலிலிருந்து விழலாம், எனவே தரையில் பாய் விரித்து மாற்றுவது நல்லது. அவிழ்த்ததும் காற்றுப் பட்டவுடன் சிறுநீர் பீய்ச்சும், ஆண் குழந்தை என்றால் உங்கள் சட்டை வரைக்கும் வரும். மேலே ஒரு துணித் துண்டை மூடிக்கொண்டு வேலை செய்தால் சட்டை தப்பும். பெண் குழந்தைக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும், மலம் முன்பக்கம் படக்கூடாது. ஈரம் போகத் தட்டி ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். பவுடர் வேண்டாம், மூச்சில் போகும். சதுரத்தை முக்கோணமாக மடித்து, தொப்புள்கொடிக்குக் கீழே முடிச்சு விழும்படி கட்டுங்கள். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வு இருக்கட்டும்.

தொப்புள்கொடி ஐந்திலிருந்து பதினைந்து நாளில் தானே விழும். சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதையும் வைக்காமல் உலர விடுவதுதான் மருந்து. சுற்றிச் சிவந்து நாற்றம் வந்தால் காட்டுங்கள்.

இரவு

பச்சைக்குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், ஆனால் இரண்டிரண்டு மணி நேரத் துண்டுகளாக. பால் 8 முதல் 12 முறை. எனவே இரவில் வேலையைப் பிரியுங்கள்: பால் கொடுப்பது அவர், தூக்கி வந்து கொடுப்பது, ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது, திரும்பப் படுக்க வைப்பது நீங்கள். "அத்தை, நைட்டு ஒரு மணிக்கு மேல நான் பாத்துக்கிறேன், நீங்க தூங்குங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் நம்ப மாட்டார்கள். மூன்றாம் நாள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

ஏப்பத்துக்குத் தோளில் சாய்த்து, ஒரு கையால் கழுத்தைத் தாங்கி, மறு கையால் முதுகைக் கீழிருந்து மேலாகத் தடவுங்கள். பத்து நிமிடம் பார்த்தும் வரவில்லையானால் விட்டுவிடலாம். தோளில் துண்டு இல்லாமல் தூக்காதீர்கள். படுக்க வைப்பது எப்போதும் மல்லாக்க, தலையணை இல்லாமல். தூளியில் தூங்க வைத்தால் தாடை நெஞ்சில் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் மூச்சு தடைபடும். தூங்கியதும் சமதளத்துக்கு மாற்றிவிடுவது பாதுகாப்பு.

அழுகை ஆறாம் வாரம் வரை கூடிக்கொண்டே போகும், மூன்று நான்கு மாதத்தில் குறையும். பசியா, ஈரமா, சூடா, ஏப்பமா என்று வரிசையாகப் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் சட்டையைக் கழற்றி வெறும் நெஞ்சில் போட்டு, மேலே துண்டைப் போர்த்திக்கொள்ளுங்கள். எடை குறைந்த குழந்தைகளுக்கு மருத்துவமனையில் சொல்லித்தரும் கங்காரு முறை இதுதான், அப்பாவின் நெஞ்சும் அதே வேலையைச் செய்யும். கோபம் தலைக்கேறினால் குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் வாருங்கள். குலுக்கவே கூடாது, மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும்.

வேலூர் வெயிலும் ஸ்வெட்டரும்

அக்னி நட்சத்திரத்தில் பிறந்த குழந்தைக்கும் ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் போட்டு மூடி வைப்பதைப் பார்க்கலாம். உடம்பெல்லாம் வேர்க்குரு வரும், சில நேரம் சூட்டினாலேயே காய்ச்சல் காட்டும். வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் இளஞ்சூடாக இருந்தால் சரி. பாதம் மட்டும் குளிர்ந்தால் கூடுதலாக ஒரு துணி சுற்றுங்கள். இரண்டும் குளிர்ந்தால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். கழுத்து வியர்த்தால் துணியைக் குறையுங்கள். மின்விசிறி போடலாம், நேராக முகத்தில் படாமல். ஏசி 26 முதல் 28 டிகிரி. வெயிலுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்வார்கள். ஆறு மாதம் வரை வேண்டாம், தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீர் தாகம் தாய்க்குத்தான் அதிகம்: பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஒரு சொம்பு வையுங்கள்.

பாட்டிகளோடு பேசுவது எப்படி

எண்ணெய் தடவிக் குளிப்பாட்டுவது நல்ல பழக்கம். தொப்புள்கொடி விழுந்தபின் மெல்லிய கையால் தேங்காய் எண்ணெய் தடவலாம். ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, ஊதுவது, மார்பைப் பிழிவது, தலையை அமுக்கி உருட்டுவது, சாம்பிராணிப் புகையில் நேராகக் காட்டுவது, வசம்பு உரசி நாக்கில் தடவுவது, கண்ணுக்குள் மை தீட்டுவது ஆகியவை தீங்கு. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போகும்.

நீங்களே "கூடாது" என்றால் சண்டை வரும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் பாட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பிறகு வீட்டில் "டாக்டரம்மா உங்க முன்னாடியேதானே சொன்னாங்க அத்தை" என்று முடித்துவிடலாம். மாற்று வழியும் கொடுங்கள். திருஷ்டிப் பொட்டை உள்ளங்காலில் வைக்கலாம், சாம்பிராணியைக் குழந்தை இல்லாத அறையில் போடலாம். பார்க்க வருகிறவர்களுக்கு வாசலிலேயே சோப்பும் தண்ணீரும், ஆற்காடு மக்கன் பேடாவும் வைத்துவிட்டால், கை கழுவச் சொன்னதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முத்தம் மட்டும் வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

தாய்க்கு

எல்லோரும் குழந்தையைப் பார்ப்பார்கள், நீங்கள் அவரைப் பாருங்கள். பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் குறைக்க விடாதீர்கள். பூண்டுக் குழம்பு, கருவாடு, லேகியம் எல்லாம் இருக்கட்டும், கூடவே கீரையும் முட்டையும் பருப்பும் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். அறுவை என்றால் ஆறு வாரம் குடம், சிலிண்டர், வாளி எதையும் அவர் தூக்கக் கூடாது.

ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனைந்தால், காய்ச்சல் வந்தால், நாற்றமடிக்கும் போக்கு இருந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே மருத்துவமனை. முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுவது பலருக்கும் வரும், தூக்கமும் ஆறுதலும் கிடைத்தால் போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் தொடர்ந்தால், குழந்தை மேல் பிடிப்பில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் அது மருத்துவம் பார்க்க வேண்டிய நோய். "காத்து கருப்பு" என்று தர்காவுக்கும் கோயிலுக்கும் அலைவதோடு நின்றுவிடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நேரம்

பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, வலிப்பு, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்குவது. மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்றால் வீட்டு மருந்து பார்க்காமல் கிளம்புங்கள். மஞ்சள் காமாலை இரண்டு மூன்றாம் நாளில் பல குழந்தைகளுக்கு வரும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் வந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சளானாலோ ஆபத்து. பகல் வெளிச்சத்தில் பாருங்கள், மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சள்தான்.

சான்றிதழும் ஊசியும்

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள், ஆனால் அவர்கள் எழுதிக்கொள்ளும் பெயர்களை நீங்கள்தான் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். அம்மா, அப்பா பெயர்கள் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும். இன்ஷியல் முன்னால் ஓரிடத்தில், பின்னால் ஓரிடத்தில் என்று இருந்தால் பள்ளிச் சேர்க்கையிலும் பாஸ்போர்ட்டிலும் அலைய வேண்டிவரும். குழந்தைக்குப் பெயர் முடிவாகாவிட்டால் அவசரப்பட வேண்டாம், ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம்.

பிறந்ததும் பி.சி.ஜி., போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ்-பி. பிறகு 6, 10, 14-ஆம் வாரம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். பி.சி.ஜி. போட்ட இடது தோளில் சில வாரம் கழித்துச் சிறு கட்டி வந்து உடைந்து ஆறும், அதன் மேல் எதுவும் தடவாதீர்கள். ஆறாம் வாரம் ஒரே நாளில் பல ஊசி. குழந்தை அலறும், உடன் போகும் பாட்டிக்கும் கண்ணீர் வரும், எனவே மடியில் பிடித்துக்கொள்ளும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். அன்றிரவு லேசான காய்ச்சல் வரும். செவிலியர் எடைக்கேற்பச் சொன்ன அளவு பாரசிட்டமால் சொட்டு மருந்தை மட்டும் கொடுங்கள். தொடையில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காமல், குளிர்ந்த ஈரத்துணி வைக்கலாம். அட்டையில் அடுத்த தேதியை எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு, போனில் நினைவூட்டலும் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.